மேசை விரிப்பில் அச்சிட்ட விலை: பிளாக்ஜாக் விதிகளும் கேசினோவின் சாதகமும்

லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்றில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு பிளாக்ஜாக் மேசைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆறு சீட்டுக்கட்டுகள், ஒரே பயிற்சி பெற்ற டீலர்கள், ஒரே மாதிரி விரிப்பு. வேறுபாடு அந்த விரிப்பில் அச்சிட்ட ஒற்றை வரியில்தான் இருக்கிறது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்து வந்தால், அதாவது ‘பிளாக்ஜாக்’ விழுந்தால், ஒரு மேசை 3:2 என்ற விகிதத்திலும் மற்றது 6:5 என்ற விகிதத்திலும் பணம் தரும். பத்து டாலர் பந்தயம் வைத்தவருக்கு முதல் மேசையில் 15 டாலர், இரண்டாவதில் 12 டாலர். கணக்குப் போடாத கண்ணுக்கு 6:5 தாராளமானதாகக்கூடத் தோன்றும். எண்கள் பெரியவை அல்லவா. உண்மையில் அந்த ஒரு வரி கேசினோவின் சாதகத்தை மூன்று மடங்குக்கும் மேல் ஆக்கிவிடுகிறது. பிளாக்ஜாக்கில் ஆட்டக்காரர் செலுத்தும் விலையை நிர்ணயிப்பது சீட்டும் அல்ல, டீலரின் கைத்திறனும் அல்ல, விதிகள்தான். இது பலரும் அறிந்ததே. அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒன்றும் உண்டு. ஆட்டக்காரரின் கையைக் கட்டும் விதி மாற்றங்கள் எதிர்ப்பைச் சந்தித்துத் தோற்றிருக்கின்றன. வென்றவரின் பையிலிருந்து எடுக்கும் விதி மாற்றம், அதைவிடப் பெரியதாக இருந்தும், ஓசையில்லாமல் நிலைபெற்றுவிட்டது.

சாதகம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பிளாக்ஜாக்கில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் டீலரோடுதான் மோதுகிறார், மற்ற ஆட்டக்காரர்களோடு அல்ல. 21ஐத் தாண்டாமல் அதற்கு நெருக்கமாக வருபவர் வெல்வார். டீலருக்குச் சுய விருப்பம் கிடையாது: 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 ஆனால் நிறுத்த வேண்டும். அப்படி எடுக்கும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 28 முறை அவர் 21ஐத் தாண்டிவிடுவார். ஆட்டக்காரரும் டீலரைப் போலவே ஆடினால் அவரும் 28 முறை தாண்டுவார். எல்லாம் சமம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆட்டக்காரர் முதலில் ஆடுகிறார். அவர் 21ஐத் தாண்டிய கணமே பந்தயப் பணம் போய்விடும். பின்னால் டீலரும் தாண்டினாரா என்ற கேள்வியே எழாது. இருவரும் தாண்டும் வாய்ப்பு 28 சதவீதத்தில் 28 சதவீதம், அதாவது நூற்றுக்கு எட்டு முறை. அந்த எட்டும் கேசினோவுக்குப் போகிறது. பிளாக்ஜாக்கில் கேசினோவுக்குள்ள அடிப்படை ஆதாயம் இது ஒன்றுதான். மற்ற விதிகள் பெரும்பாலும் அந்த எட்டு சதவீதத்திலிருந்து ஆட்டக்காரருக்குத் திருப்பித் தரப்படும் தள்ளுபடிகள். எந்தத் தள்ளுபடி எவ்வளவு என்பதுதான் மேசை விதிகளின் கதை.

முதல் தள்ளுபடி, பிளாக்ஜாக் விழும்போது பந்தயத்துக்கு மேல் கிடைக்கும் அரைப் பங்கு. 3:2 விகிதத்தில் இது சுமார் 2.3 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. டீலரை அப்படியே பின்பற்றுபவருக்கு ஐந்தரை சதவீத நட்டம் மிஞ்சும். மீதித் தள்ளுபடிகள் தானாகக் கிடைப்பவை அல்ல, ஆட்டக்காரர் தன் முடிவுகளால் சம்பாதிக்க வேண்டியவை. டீலரின் திறந்த சீட்டைப் பார்த்து எடுப்பதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது, நல்ல நிலையில் பந்தயத்தை இரட்டிப்பாக்குவது, ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டுகளைப் பிரித்து இரண்டு கைகளாக ஆடுவது ஆகியவை அவை. எந்த நிலையில் எது சரி என்று முதன்முதலில் முழுமையாகக் கணக்கிட்டவர்கள் சூதாடிகள் அல்லர். மேரிலாந்தின் அபர்தீன் ராணுவத் தளத்தில் பணிபுரிந்த ராஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் என்ற நால்வர். மேசைக் கணக்குப்பொறிகளை வைத்துக்கொண்டு அவர்கள் கண்ட முடிவு 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. சரியாக ஆடினால் கேசினோவின் சாதகம் 0.62 சதவீதம்தான் என்றார்கள். பின்னர் எட்வர்ட் தார்ப் எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 704 கணினியில் இந்தக் கணக்கை மேலும் கூர்மையாக்கினார். வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்தால் சாதகம் ஆட்டக்காரர் பக்கமே சாயும் என்பதையும் நிறுவினார். அவருடைய ‘பீட் தி டீலர்’ நூல் 1962இல் வந்தது. எட்டில் தொடங்கிய சாதகம் அரையாகச் சுருங்கிய பிறகு, பத்தில் ஒரு பங்கு சதவீதம்கூட இரு தரப்புக்கும் பெரிய தொகையாகிவிட்டது. சிறு விதிகள் மேல் கேசினோக்களின் கவனம் திரும்பியதற்கு அதுவே காரணம்.

அந்தச் சிறு விதிகளின் விலைகள் இன்று நன்றாக அறியப்பட்டவை. பிரித்த கைகளில் இரட்டிப்பாக்க அனுமதித்தால் ஆட்டக்காரருக்குச் சுமார் 0.14 சதவீதம் லாபம். டீலரிடம் பிளாக்ஜாக் இல்லை என்று தெரிந்த பின் பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகலாம் என்ற ‘சரண்டர்’ விதி 0.08 சதவீதம் அளவுக்கு உதவும். ஐரோப்பிய முறையில் டீலர் தன் இரண்டாவது சீட்டைக் கடைசியில்தான் எடுப்பார். அங்கே இரட்டிப்பாக்கியதும் பிரித்ததுமான பந்தயம் முழுவதும் டீலரின் பிளாக்ஜாக்குக்குப் பலியாகும் என்பதால் 0.11 சதவீதம் இழப்பு. இவை நேரான விஷயங்கள். ஏமாற்றும் தோற்றம் கொண்ட விதி ஒன்று உண்டு. ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17, உதாரணமாக ஏஸும் ஆறும், ‘சாஃப்ட் 17’ எனப்படும். முன்பு பல மேசைகளில் டீலர் அதில் நிறுத்தியாக வேண்டும். இப்போது பெரும்பாலான மேசைகளில் இன்னொரு சீட்டு எடுக்கிறார். எடுத்தால் அவர் 21ஐத் தாண்டும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, ஆகவே இது ஆட்டக்காரருக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 17 என்பது டீலர் நிறுத்தும் எண்களிலேயே பலவீனமானது. அதை அவர் கையிலிருந்து விடுவித்து 18, 19, 20 ஆக்கிக்கொள்ள வாய்ப்புக் கொடுப்பது ஆட்டக்காரருக்கு 0.2 சதவீதச் செலவு. டீலர் கூடுதலாகத் தோற்கும் சில ஆட்டங்கள் அவர் கூடுதலாக வெல்லும் ஆட்டங்களுக்கு ஈடாவதில்லை.

சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கை இன்னும் நுட்பமானது. ஒரு கட்டிலிருந்து எட்டுக் கட்டுக்குப் போனால், மற்ற விதிகள் மாறாதபோதும், கேசினோவின் சாதகம் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் உயரும். காரணம், சிறிய கட்டில் ஒவ்வொரு சீட்டு வெளியேறுவதும் மிச்சத்தை மாற்றுகிறது. கையில் 5, 6 வைத்து 11இல் இரட்டிப்பாக்குபவரை எண்ணிப் பாருங்கள். டீலரின் திறந்த சீட்டும் பத்து அல்ல என்றால், ஒரு கட்டில் மிச்சமுள்ள 49 சீட்டில் 16 பத்து மதிப்புள்ளவை, அதாவது 32.7 சதவீதம். கட்டுகள் பெருகப் பெருக இது 30.8ஐ நோக்கி இறங்கும். பிளாக்ஜாக் விழும் வாய்ப்பும் ஒரு கட்டில் 4.83 சதவீதம், ஆறு கட்டில் 4.75. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் ஆட்டக்காரருக்குச் சாதகமான நிலைகள் எல்லாவற்றிலும் இந்தச் சிறு தேய்மானம் நிகழ்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் ‘ஒற்றைக் கட்டு’ என்ற பலகையைத் தேடிப் போவார்கள். அந்த ஆசையையே கேசினோக்கள் தூண்டிலாக்கின.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் லாஸ் வேகாஸில் ஒற்றைக் கட்டு மேசைகள் பெரிய விளம்பரத்தோடு வந்தன. பிளாக்ஜாக்குக்கு 6:5 என்பது விரிப்பில் அடங்கிய எழுத்தில் இருந்தது. கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டில் பிளாக்ஜாக் 4.83 சதவீதம், டீலருக்கும் அதே நேரத்தில் விழுந்து சமனாகும் நிலைகளைக் கழித்தால் 4.65. ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரர் பந்தயத்தின் 0.3 பங்கை இழக்கிறார். பெருக்கினால் 1.4 சதவீதம். ஒற்றைக் கட்டால் கிடைக்கும் அரை சதவீதத்தைப் பலகையில் காட்டி, 1.4 சதவீதத்தைச் சிற்றெழுத்தில் எடுத்துக்கொண்டார்கள். பின்பு அந்தத் தூண்டிலும் தேவைப்படவில்லை. 6:5 அப்படியே ஆறு கட்டு, எட்டுக் கட்டு மேசைகளுக்கும் பரவியது. ஆறு கட்டு, சாஃப்ட் 17இல் டீலர் எடுக்கும் விதி, சரண்டர் இல்லை என்ற சாதாரண மேசையில் 3:2 தந்தால் சாதகம் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 6:5 தந்தால் அது 2 சதவீதம். மேலே சொன்ன சிறு விதிகளையெல்லாம் ஆட்டக்காரருக்குச் சாதகமாக ஒருசேர மாற்றினாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

இதை 1964இல் நடந்ததோடு ஒப்பிட வேண்டும். தார்ப்பின் புத்தகம் பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி லாஸ் வேகாஸ் கேசினோக்கள் கூட்டாக விதியை மாற்றின: 11இல் மட்டுமே இரட்டிப்பாக்கலாம், ஏஸ்களைப் பிரிக்கக் கூடாது. இதன் விலை ஏறத்தாழ 1 சதவீதம், 6:5 எடுப்பதைவிடக் குறைவு. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு விலகினார்கள், டீலர்களின் டிப்ஸ் வருமானம் விழுந்தது, சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பி வந்தன. குறைந்த விலையேற்றம் தோற்று, கூடுதல் விலையேற்றம் வென்றது எப்படி? 1964இன் மாற்றம் ஆட்டக்காரரின் செயலைத் தடுத்தது. இரண்டு ஏஸ் வந்து கையில் இருக்கும்போது ‘பிரிக்க முடியாது’ என்று டீலர் சொல்கிறார்; அந்தத் தடை ஒவ்வொரு முறையும் முகத்தில் அறைகிறது. 6:5 எதையும் தடுப்பதில்லை. பிளாக்ஜாக் விழுந்து, மேசை முழுவதும் பாராட்டும் நேரத்தில், வைத்த பணத்துக்கு மேல் கூடுதலாகவே கைக்கு வருகிறது. வராமல் போன மூன்று டாலரை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. 1964இல் ஆடியவர்கள் அடிக்கடி வந்து போகும் பழகிய ஆட்டக்காரர்கள், இன்று பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள், ஆகவே இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் அது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அனுபவம் இல்லாதவரிடம் மறைந்த விலை இன்னும் எளிதாகச் செல்லுபடியாகும். தவிர, சுற்றுலாப் பயணியும் ஏஸைப் பிரிக்க ஆசைப்படுபவர்தான். அந்த உரிமையைப் பறிக்க இன்றைய கேசினோக்களும் முனையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அட்லான்டிக் சிட்டியின் அனுபவம் வேறொரு கோணம். நியூ ஜெர்சியில் முதல் கேசினோ 1978 மே மாதத்தில் திறந்தபோது, ஆட்ட விதிகளை வகுத்தது கேசினோ அல்ல, மாநில ஒழுங்குமுறை ஆணையம். டீலர் தன்னிடம் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே ஆட்டக்காரர் பாதிப் பந்தயத்தோடு விலகலாம் என்ற விதி அதில் இருந்தது. சாதாரண சரண்டரின் மதிப்பு 0.08 என்றேன், இந்த ‘முன்கூட்டிய சரண்டர்’ 0.6 சதவீதத்துக்கு மேல் மதிப்புள்ளது, ஏனெனில் டீலரின் ஏஸுக்கும் பத்துக்கும் எதிரான மோசமான கைகளில் பாதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சீட்டை எண்ணத் தெரியாத, ஆனால் சரியாக ஆடும் சாதாரண மனிதருக்கே அங்கே மயிரிழை அளவு சாதகம் இருந்தது. 1981இல் அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, சீட்டு எண்ணும் ஆட்டக்காரரான கென் அஸ்டனை ஒரு கேசினோ வெளியேற்றிய வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், ஆட்ட விதிகள் மீதான அதிகாரம் ஆணையத்துக்கே உரியது, கேசினோ தானாக ஒருவரை விலக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆள்களை விலக்க முடியாத கேசினோக்கள் கட்டுகளைக் கூட்டுவது, அடிக்கடி கலைப்பது என்ற வழிகளில் தங்களைக் காத்துக்கொண்டன. சாதகம் என்பது பேரம் பேசி அமையும் ஒன்று என்பதையும், அந்தப் பேரத்தில் பொது அமைப்பு ஒன்று ஆட்டக்காரர் பக்கம் நிற்க முடியும் என்பதையும் இந்த நான்கு ஆண்டுகள் காட்டுகின்றன.

விதி வேறுபாடு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு, ஓரிரவு ஆடுபவருக்கு அது ஒரு பொருட்டா என்பது நியாயமான கேள்வி. பதிலையும் எண்களிலேயே தேடலாம். ஒருவர் 15 டாலர் வீதம் 300 ஆட்டம் ஆடுகிறார் என்போம். 0.6 சதவீத மேசையில் அவர் சராசரியாக 27 டாலர் இழப்பார், 2 சதவீத மேசையில் 90. வித்தியாசம் 63 டாலர். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் (புள்ளியியலில் திட்ட விலக்கம் என்பார்கள்) அதே 300 ஆட்டத்தில் சுமார் 300 டாலர். அதாவது, மோசமான மேசையில் ஆடியவர் 200 டாலர் வென்றும் எழுந்து போகலாம், நல்ல மேசையில் ஆடியவர் 300 டாலர் தோற்றும் போகலாம். தன் அனுபவத்தை வைத்து இரண்டு மேசைகளையும் பிரித்தறிய எந்த ஆட்டக்காரராலும் இயலாது. மேசையை நடத்துபவருக்கோ பத்து லட்சம் ஆட்டங்கள் கண்முன் இருக்கின்றன. அந்த எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் 17,000 டாலர் அளவில் நின்றுவிட, எதிர்பார்க்கும் வருமானம் 90,000 டாலரிலிருந்து 3,00,000 டாலராக எழுகிறது. ஒரே விதி ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் இரைச்சலில் கரைந்துபோகும் அற்பம், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் உறுதியான வருமானம். அனுபவத்தால் உணர முடியாத விலையை அறிவிப்பால் மட்டுமே உணர்த்த முடியும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் சரியாக ஆடுவதே இல்லை. பயந்து 12இல் நிறுத்துகிறார்கள், உள்ளுணர்வை நம்புகிறார்கள். தங்கள் தவறுகளாலேயே ஒன்று, ஒன்றரை சதவீதம் இழக்கிறவர்களுக்கு விதியைப் பற்றி என்ன கவலை என்பது. நெவாடா கேமிங் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகளில் இந்த ஆட்டத்தின் வெற்றி விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் இருப்பதைச் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது தவறான வாசிப்பு. அந்த விகிதம் மேசையில் சிப்ஸ் வாங்கச் செலுத்திய பணத்தில் கணக்கிடப்படுவது, வைத்த பந்தயங்களின் கூட்டுத் தொகையில் அல்ல. நூறு டாலருக்குச் சிப்ஸ் வாங்கியவர் பத்துப் பத்தாக 150 ஆட்டம் ஆடினால் 1,500 டாலர் பந்தயம் வைத்தவராகிறார். அதில் 1 சதவீத இழப்பு 15 டாலர், ஆனால் அறிக்கையில் அது 15 சதவீதமாகத் தெரியும். (தொடர்ந்து கலைக்கும் இயந்திரங்களின் பெருமையும் இங்கேதான். அவை ஓர் ஆட்டத்தின் சாதகத்தை இம்மியளவு குறைக்கவே செய்கின்றன. ஆனால் கலைக்க ஆகும் நேரத்தை மிச்சப்படுத்தி மணிக்கு ஆடும் ஆட்டங்களைக் கூட்டிவிடுகின்றன.) தவறுகளைப் பொறுத்தவரை, அவை விதிச் செலவின் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை, அதன்மேல் கூடுகின்றன. முக்கியமாக, தவறைத் திருத்திக்கொள்ளலாம். சரியான ஆட்டத்தின் அட்டவணை ஓர் உள்ளங்கை அட்டையில் அடங்கும், அதைப் பார்த்து ஆடப் பல கேசினோக்கள் அனுமதிக்கின்றன. 6:5ஐ எந்தத் திறமையாலும் சரிசெய்ய முடியாது. பிளாக்ஜாக் விழும்போது எடுக்க வேண்டிய முடிவு என்று எதுவுமே இல்லை.

கேசினோக்கள் தரப்பில் சொல்லப்படும் பொருளாதார வாதத்தில் சாரம் உண்டு. ஐந்து பேர் அமர்ந்த மேசையில் மணிக்கு எழுபது சுற்று நடக்கும். தலைக்கு 15 டாலர் என்றால் மணிக்கு 5,250 டாலர் பந்தயம். எல்லோரும் பிழையின்றி ஆடினால் 0.6 சதவீதத்தில் கிடைப்பது 31 டாலர் 50 சென்ட். டீலரின் ஊதியம், மேற்பார்வையாளரின் பங்கு, லாஸ் வேகாஸின் இட மதிப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டால் இது கட்டுப்படியாகாது. 2 சதவீதத்தில் 105 டாலர் வரும். சிறு பந்தய மேசைகளைத் தொடர்ந்து நடத்த விலையை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் விலையை உயர்த்தப் பந்தயத்தின் குறைந்தபட்சத் தொகையைக் கூட்டும் வெளிப்படையான வழியும் இருந்தது, அதைப் பார்த்து ஒருவர் உட்காரலாம் அல்லது போய்விடலாம். கேசினோக்கள் அதையும் செய்தன, இதையும் செய்தன. அதோடு, பெரிய பந்தய மேசைகளில் 3:2 இன்னும் இருக்கிறது. நூறு டாலர் வைப்பவருக்கு அரை சதவீதம், பதினைந்து டாலர் வைப்பவருக்கு 2 சதவீதம். விகிதப்படி பார்த்தால் கையில் குறைவாக உள்ளவரே கூடுதல் விலை கொடுக்கிறார். செலவுக் கணக்கு இதற்கு ஒரு பகுதி விளக்கம். இரண்டு வகை வாடிக்கையாளரில் கணக்குப் பார்ப்பவர் யார் என்பது மறுபகுதி.

6:5 ஏமாற்று அல்ல, விரிப்பிலேயே அச்சிட்டிருக்கிறதே என்பது கடைசி வாதம். சட்டப்படி அது நிற்கிறது. மாசசூசெட்ஸில் 6:5 கொடுத்தது மாநில விதிகளுக்கு மாறானது என்று ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. 2021இல் அது கேசினோ பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அச்சிட்டிருப்பது விகிதம், விலை அல்ல. அந்த விகிதத்திலிருந்து விலையைக் கண்டுபிடிக்க பிளாக்ஜாக் விழும் வாய்ப்பும், சமனாகும் வாய்ப்பும், மற்ற விதிகளின் விலைகளும் தெரிந்திருக்க வேண்டும். கேசினோவுக்கு அவையெல்லாம் இரண்டு தசம இடம் வரை தெரியும். விதிகளை அங்கீகரிக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும் அவற்றைக் கணக்கிடுவது அரிதல்ல. ஆகவே அவை கேட்க வேண்டியது சிறிய விஷயம்: ஒவ்வொரு மேசையிலும், குறைந்தபட்சப் பந்தயத் தொகையைக் காட்டும் பலகையிலேயே, பிழையின்றி ஆடுபவருக்கு அந்த மேசையின் சாதகம் எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். அது வரும்வரை, உட்காரும் முன் விரிப்பைப் படியுங்கள். 6:5 என்றிருந்தால் எழுந்து போய்விடுங்கள்.